சிரத்தை இல்லையா, கவனம் நிற்கவில்லையா? எல்லையோரப் பிள்ளைகளும் ஏடிஎச்டியும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கத்துப் பள்ளிகளில் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிறார்கள். மலையாள மீடியத்தில் படிக்கும் பையனின் டைரியில் டீச்சர் ‘ஷ்ரத்த குறவாணு’ என்று எழுதி அனுப்புகிறார். வீட்டில் யாராவது அதை எழுத்துக் கூட்டிப் படித்து, ‘சிரத்தை இல்லையாம்’ என்று தமிழில் சொல்கிறார்கள். சொல் ஒன்றுதான். ஆனால் மலையாளத்தில் ஷ்ரத்த என்றால் கவனம். தமிழில் சிரத்தை என்றால் அக்கறை, ஈடுபாடு, முயற்சி எல்லாம் சேர்ந்தது. பிள்ளைக்குக் கவனம் நிற்கவில்லை என்று டீச்சர் எழுதியது, பிள்ளைக்கு அக்கறையே இல்லை என்று வீடு வந்து சேர்கிறது. கவனம் நிற்கவில்லை என்றால் ஏன் என்று கேட்கத் தோன்றும். அக்கறை இல்லை என்றால் கைதான் ஓங்கும்.

கவனம் நிற்காமை, அளவுக்கு மீறிய துறுதுறுப்பு என்று தென்படும் ஏடிஎச்டி (ADHD) பற்றிய குழப்பத்தில் பாதி இந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 2024 மே மாதம் கோதமங்கலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியில், தனக்கு 41 வயதில் ஏடிஎச்டி இருப்பது கண்டறியப்பட்டதாக நடிகர் ஃபகத் பாசில் சொன்னார். அப்போதிருந்து எல்லைக்கு இரண்டு பக்கமும் இந்தப் பெயர் அடிபடுகிறது. சேட்டை செய்கிற பிள்ளைக்கெல்லாம் அதை ஒட்டுகிறவர்கள் ஒரு பக்கம். ‘அந்தக் காலத்தில் இதெல்லாம் ஏது, நாலு போடு போட்டால் சரியாகிவிடும்’ என்கிறவர்கள் மறுபக்கம். இரண்டு பேச்சும் பிள்ளைக்கு உதவாது. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பெயரில் இருப்பது என்ன

தமிழில் இதைக் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு என்கிறார்கள். மூளை வளர்கிற விதத்தில் இருக்கும் ஒரு வேறுபாடு இது. சிறு வயதிலேயே தொடங்குவது. மனநோய் வந்துவிட்டது என்றோ, அறிவு குறைவு என்றோ பொருள் இல்லை. புத்திசாலிப் பிள்ளைக்கும் இருக்கலாம், படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கும் இருக்கலாம்.

மூன்று விதமாகத் தென்படும். கவனம் நிற்காமை மட்டும் மேலோங்கி இருப்பது ஒன்று. துறுதுறுப்பும் பொறுமையின்மையும் மேலோங்கி இருப்பது இன்னொன்று. இரண்டும் கலந்திருப்பது மூன்றாவது. ஒரே பிள்ளைக்கு வயதோடு சேர்ந்து இந்த வடிவமும் மாறலாம். ஏழு வயதில் பெஞ்சு மேல் ஏறி நின்றவன் பதினாலு வயதில் உட்கார்ந்தபடியே காலை ஆட்டிக்கொண்டிருப்பான்.

கவனக்குறைவு என்ற பெயரே கொஞ்சம் தவறான வழியில் இழுத்துவிடுகிறது. “ஏனுங்க டீச்சர், செல்லுல ரெண்டு மணி நேரம் ஆடாம அசையாம உக்காந்திருக்கானுங்களே, அவனுக்கா கவனம் இல்லீங்க?” என்று அம்மாக்கள் கேட்பது நியாயமான கேள்வி. வாய்க்கால் பாசனம் தெரிந்த ஊர் என்பதால் இப்படிச் சொல்லலாம்: வாய்க்காலில் தண்ணீர் இருக்கிறது, மடையைத் திறந்து மூடுகிற ஆள்தான் நேரத்துக்கு வருவதில்லை. செல்போன் பள்ளமான வயல் மாதிரி. மடையைத் திருப்பாமலே தண்ணீர் அங்கே ஓடிவிடும். கணக்கு நோட்டு மேட்டு வயல். அதற்கு ஒருவர் நின்று தண்ணீரைத் திருப்ப வேண்டும். திருப்புவது, நிறுத்துவது, வரிசைப்படுத்துவது, காத்திருப்பது, இப்போது சொன்னதை இரண்டு நிமிடம் மனதில் வைத்திருப்பது ஆகிய இந்த மேலாண்மை வேலைகள்தான் ஏடிஎச்டியில் தடுமாறுகின்றன.

மருத்துவமும் ஆரம்பத்தில் நம் வீட்டுப் பெரியவர்கள் மாதிரிதான் பேசியது. 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அதை ‘ஒழுக்கக் கட்டுப்பாட்டுக் குறை’ என்றுதான் அவர் அழைத்தார். 1968-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் மிகையியக்கம் என்ற பெயர் வந்தது. கவனம் என்ற சொல் பெயருக்குள் நுழைந்தது 1980-இல்தான். இன்றுள்ள பெயர் 1987-இல் வந்தது. ஒழுக்கத்திலிருந்து கவனத்துக்கு வந்து சேர மருத்துவத்துக்கே எழுபத்தெட்டு வருஷம் ஆயிற்று என்றால், பாட்டி இன்னும் திட்டுவதில் ஆச்சரியம் இல்லை.

ஒரு வகுப்பறை, ஒரு கட்டளை

மூன்றாம் வகுப்பு. டீச்சர் ஒரே மூச்சில் சொல்கிறார்: புத்தகத்தை மூடுங்க, கணக்கு நோட்டை எடுங்க, தேதி போடுங்க, ஒரு பக்கம் விட்டுட்டு போர்டில் இருக்கிற மூணாவது கணக்கைப் போடுங்க. ஐந்து வேலைகள். பையன் புத்தகத்தை மூடிவிட்டான். நோட்டை எடுக்கப் பையைத் திறக்கிறான். அடியில் நேற்று பொறுக்கிய புளியங்கொட்டை கிடக்கிறது. அதை எடுத்துப் பெஞ்சில் தேய்த்துச் சூடு பார்க்கிறான். பக்கத்துப் பையன் கையில் வைக்கிறான், அவன் கத்துகிறான். டீச்சர் திரும்பிப் பார்க்கும்போது நோட்டு இன்னும் பைக்குள்தான் இருக்கிறது. “நான் என்ன சொன்னேன்?” என்று கேட்டால் பையன் விழிக்கிறான். அது திமிர் இல்லை; மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது வேலைகள் அவன் மனதில் இப்போது இல்லவே இல்லை.

அதே வகுப்பில் ஜன்னலோரம் ஒரு பெண் பிள்ளை. நோட்டை எடுத்துவிட்டாள், தேதியும் போட்டுவிட்டாள். அதற்கப்புறம் பென்சில் நகரவில்லை. யாரையும் தொந்தரவு செய்வதில்லை, அதனால் யாரும் அவளைக் கவனிப்பதும் இல்லை. ‘சாதுப் பொண்ணு, கொஞ்சம் மந்தம்’ என்று ரிப்போர்ட் கார்டில் ஓடிவிடும். ஆண் பிள்ளைகளில் ஏடிஎச்டி அதிகம் கண்டறியப்படுவதற்கும், பெண் பிள்ளைகளில் பல வருஷம் தாமதமாகத் தெரிவதற்கும் இது ஒரு முக்கியமான காரணம்.

எப்போது அதை ஏடிஎச்டி என்கிறார்கள்

புளியங்கொட்டை தேய்க்காத பிள்ளை உண்டா? இல்லை. ஏதோ ஒரு அடையாளம் தென்படுவதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. மேலே சொன்ன அமெரிக்க மனநல மருத்துவர் சங்கக் கையேட்டின் 2013 பதிப்பான டிஎஸ்எம்-5 வைக்கும் நிபந்தனைகள் இவை:

1. கவனக்குறைவுக்கு ஒன்பது அடையாளங்கள், துறுதுறுப்புக்கும் பொறுமையின்மைக்கும் சேர்த்து ஒன்பது. ஏதாவது ஒரு பட்டியலில் குறைந்தது ஆறாவது இருக்க வேண்டும். 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஐந்து போதும்.

2. ஆறு மாதமாவது தொடர்ந்து, அந்த வயதுக்கு உரியதைவிட அதிகமாக இருக்க வேண்டும். அப்பா வெளியூர் வேலைக்குப் போன மாதத்திலோ, தம்பிப் பாப்பா பிறந்த மாதத்திலோ தொடங்கியது கணக்கில் வராது.

3. 12 வயதுக்கு முன்பே சில அடையாளங்கள் தலைகாட்டியிருக்க வேண்டும்.

4. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். வீடு, பள்ளி, டியூஷன், உறவினர் வீடு என்று எங்கே போனாலும்.

5. படிப்பையோ, நட்பையோ, வீட்டு வாழ்க்கையையோ உண்மையிலேயே பாதிக்க வேண்டும். வேறு ஒரு காரணம் அதை இன்னும் நன்றாக விளக்குவதாகவும் இருக்கக் கூடாது.

பட்டியலில் இருப்பவை நாம் தினமும் பார்ப்பவைதான். பென்சில், டிபன் பாக்ஸ், குடை எல்லாம் தொலைந்துகொண்டே இருப்பது. நேராக முகம் பார்த்துப் பேசினாலும் காதில் விழாதது போல நிற்பது. தொடங்கிய வேலை பாதியில் நிற்பது. மோட்டார் வைத்தது போல ஓடிக்கொண்டே இருப்பது. கேள்வி முடியும் முன்பே பதில் சொல்வது. வரிசையில் நிற்க முடியாமல் இடித்துக்கொண்டு போவது. இந்தக் கடைசி ரகத்தில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. யோசிக்கும் முன் கால் ஓடிவிடுவதால் இந்தப் பிள்ளைகளுக்கு விபத்துகள் மற்றவர்களைவிட அதிகம். கால்வாயும் மூடாத கிணறும் பஸ் ரோடும் பக்கத்திலேயே இருக்கும் ஊரில் இதை மார்க்கு குறைவதைவிடப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தில் எது முக்கியம் என்று கேட்டால் நான்காவதைச் சொல்வேன். எல்லையோரத்தில் அதற்கு எடை இன்னும் கூடுதல்.

பார்த்தால் ஏடிஎச்டி மாதிரி இருப்பவை

மருத்துவரிடம் போகும் முன்பும், போன பின்பும் தள்ளிவைத்துப் பார்க்க வேண்டிய காரணங்கள் சில உண்டு.

முதலில் மொழி. வீட்டில் தமிழ். அங்கன்வாடியில் இரண்டும் கலந்து. பள்ளி மலையாள மீடியம், அல்லது இரண்டு பாஷையும் இல்லாத இங்கிலீஷ் மீடியம். தமிழ் மீடியத்தில் சேர்த்தாலும் 2017-இல் கேரளம் கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகு மலையாளமும் படிக்க வேண்டியிருக்கிறது. ஐந்து வயதில் புரியாத மொழியில் ஆறு பீரியடு உட்கார்ந்தால் எந்தப் பிள்ளையின் கண்ணும் ஜன்னலுக்குத்தான் போகும். கட்டளை புரியாததும் கட்டளை மனதில் நிற்காததும் வெளியே இருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பிரித்தறிய ஒரு வழி உண்டு. அதே ஐந்து வேலைக் கட்டளையைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். விளையாட்டு மைதானத்தில், கோயில் விசேஷத்தில், மாமா வீட்டில் தமிழில் பேசும்போது பிள்ளை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். மலையாள வகுப்பில் மட்டும் கவனம் போகிறது, மற்ற இடமெல்லாம் சரி என்றால் அது மொழிப் பிரச்சினை. தமிழிலும் அதே கதை என்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். இரண்டு மொழி பழகுவதால் ஏடிஎச்டி வருவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். ‘தமிழை விட்டுட்டு ஒரே பாஷையில் பேசுங்க’ என்று யாராவது அறிவுரை சொன்னால் கேட்க வேண்டியதில்லை. பிள்ளை பாட்டியோடு பேசுகிற மொழியைப் பறிப்பதுதான் அதில் மிச்சம்.

அடுத்து வயது. ஒரே ஒன்றாம் வகுப்பில் மே மாதம் பிறந்த பிள்ளையும், அதற்கு முந்தைய ஜூனிலேயே பிறந்த பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள். ஏறத்தாழ ஒரு வருஷ வித்தியாசம். அந்த வயதில் அது பெரிய தூரம். வகுப்பிலேயே இளைய பிள்ளைகளுக்கு ஏடிஎச்டி முத்திரை அதிகம் விழுவதைப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிள்ளையை வகுப்போடு ஒப்பிடுவதற்கு முன் பிறந்த தேதியைப் பாருங்கள்.

காது. சளி அடிக்கடி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருக்கும் பிள்ளைக்குக் கூப்பிட்டால் பாதி கேட்கும், பாதி கேட்காது. கண்ணும் அப்படித்தான், போர்டு மங்கலாகத் தெரிகிற பிள்ளை போர்டைப் பார்க்காது.

தூக்கம். குறட்டை விட்டு, வாயைத் திறந்து தூங்கும் பிள்ளைக்கு டான்சிலோ அடினாய்டோ வீங்கியிருக்கலாம். தூக்கம் கெட்ட பெரியவர்கள் பகலில் தூங்கி வழிவார்கள். பிள்ளைகள் நேர்மாறாகத் துள்ளுவார்கள். இரவு பதினோரு மணி வரை செல்போன் பார்த்தாலும் இதே விளைவுதான்.

ரத்தசோகை, தைராய்டு குறைபாடு இரண்டையும் ஒரு ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம்.

அப்புறம், அதிகம் பேர் அறியாத ஒன்று: வெறித்துப் பார்க்கும் வலிப்பு. பிள்ளை பேச்சின் நடுவே சில வினாடிகள் அப்படியே உறைந்து நிற்கும், கண் இமை துடிக்கும், பிறகு ஒன்றும் நடக்காதது போலத் தொடரும். பகல் கனவு காணும் பிள்ளையைத் தோளில் தொட்டால் திரும்பிப் பார்க்கும். இந்த வலிப்பில் தொட்டாலும் அந்தச் சில வினாடிகளுக்குத் திரும்பாது. அப்படி இருந்தால் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இஇஜி எடுக்க வேண்டும். வைத்தியமும் வேறு.

கடைசியாகப் பயம். வீட்டில் குடி, சண்டை, அடி இருக்கிற பிள்ளைக்கும், யாராலாவது தொந்தரவுக்கு ஆளான பிள்ளைக்கும் கவனம் பாடத்தில் நிற்காது. இதைக் கேட்க மருத்துவர்களே தயங்குகிறார்கள். கேட்கத்தான் வேண்டும்.

இவற்றில் ஒன்று இருந்தால் ஏடிஎச்டி இல்லை என்று ஆகிவிடாது. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். குறிப்பாகக் கற்றல் குறைபாடும் பதற்றமும் ஏடிஎச்டியோடு கூடவே வருவது சகஜம்.

எத்தனை பேருக்கு, எதனால்

பிள்ளைகளில் சுமார் 5 சதவீதம் என்று டிஎஸ்எம்-5 சொல்கிறது. நாற்பது பேர் வகுப்பில் இரண்டு பேர். எல்லைக்கு அந்தப் பக்கம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் நான்கு பள்ளிகளின் 770 குழந்தைகளை வைத்து நடந்து, 2013-இல் வெளியான ஆய்வில் சுமார் 11 சதவீதம் வந்தது. இரட்டிப்பாக இருக்கிறதே என்று பதற வேண்டாம். கேள்விப் படிவங்களை வைத்து எண்ணினால் எண்ணிக்கை கூடும்; மேலே சொன்ன ஐந்து நிபந்தனைகளையும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நேரில் சரிபார்த்தால் குறையும். எந்த எண்ணைப் படித்தாலும் எப்படி எண்ணினார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

காரணங்களில் பரம்பரைக்குத்தான் பெரிய பங்கு. இரட்டையர் ஆய்வுகள் அதை ஏறத்தாழ 74 சதவீதம் என்று மதிப்பிடுகின்றன. டாக்டர் பிள்ளையின் அடையாளங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகும்போது, கூட வந்த அப்பா ‘நானும் சின்ன வயசுல இப்படித்தான்’ என்று மெதுவாகச் சொல்வது இதனால்தான். குறைமாதப் பிறப்பு, மிகக் குறைந்த எடை, கர்ப்பத்தில் புகையிலை போன்றவையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. 2007-இல் வெளியான ஒரு அமெரிக்க ஸ்கேன் ஆய்வு, மூளையின் மேலுறை உச்சத் தடிப்பை எட்டுவது மற்றப் பிள்ளைகளுக்கு 7.5 வயதையொட்டியும் ஏடிஎச்டி உள்ளவர்களுக்கு 10.5 வயதையொட்டியும் நடக்கிறது என்று காட்டியது. மூளை அதே பாதையில்தான் போகிறது, பிந்திப் போகிறது. அதற்காக எல்லாம் தானாகவே சரியாகிவிடும் என்று பொருள் இல்லை; பலருக்குப் பெரியவர்கள் ஆன பிறகும் தொடர்கிறது.

சர்க்கரை காரணம் இல்லை. ‘இனிப்பு சாப்பிட்டால் இவன் ஆடுவான்’ என்று நம்பிய அம்மாக்களை வைத்து 1994-இல் ஒரு சோதனை செய்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தது சர்க்கரை இல்லாத செயற்கை இனிப்பு. ஆனால் பாதி அம்மாக்களிடம் சர்க்கரை கொடுத்ததாகச் சொன்னார்கள். அந்த அம்மாக்கள்தான் தங்கள் பிள்ளை அதிகம் ஆடுவதாகச் சொன்னார்கள். வளர்ப்பும் காரணம் இல்லை. ஆனால் இருக்கிற ஏடிஎச்டியைக் கூட்டுவதிலும் குறைப்பதிலும் வளர்ப்புக்குப் பங்கு உண்டு.

யாரிடம் போவது

ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ ஏடிஎச்டியை உறுதி செய்யாது. ‘மூளையைப் படம் பிடித்துச் சொல்லிவிடுவோம்’ என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடலாம். வரலாறு கேட்பது, பிள்ளையைப் பார்ப்பது, பெற்றோரும் டீச்சரும் நிரப்பிய படிவங்கள், இவைதான் பரிசோதனை. 6 முதல் 12 வயது வரையுள்ளவர்களுக்கு வாண்டர்பில்ட் படிவம் பரவலாகப் பயன்படுகிறது. அதில் வீட்டுக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று. பள்ளிப் படிவம் இல்லாமல் முதல் நாளே முடிவு சொல்லும் இடத்தில் இன்னொரு முறை யோசியுங்கள்.

அரசு வழி ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற தேசியக் குழந்தைகள் ஆரோக்கியத் திட்டத்தின் குழுக்கள் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றன. அந்தத் திட்டத்தின் பட்டியலில் ஏடிஎச்டியும் கற்றல் குறைபாடும் இருக்கின்றன. அவர்கள் கைகாட்டும் இடம் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம், சுருக்கமாக டிஇஐசி. 18 வயது வரை அங்கே இலவசம். பள்ளியைப் பொறுத்தவரை வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைக் கேட்க வேண்டும். கேரளத்தில் பிஆர்சி என்றாலே எல்லோருக்கும் தெரியும். எங்கே தொடங்குவது என்றே புரியாதவர்கள் 14416 என்ற டெலி-மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலோ மலையாளத்திலோ பேசலாம்.

எல்லையோரப் பெற்றோர் கட்டாயம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: பிள்ளையை எந்த மொழியில் சோதித்தீர்கள்? அறிவுத்திறன் சோதனையில் வாய்மொழிப் பகுதி பெரியது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையிடம் அதை மலையாளத்தில் கேட்டால் மதிப்பெண் குறைந்துதான் வரும். அந்த எண் ஃபைலில் ஏறிவிட்டால் வருஷக்கணக்கில் கூடவே வரும். தமிழ் தெரிந்த உளவியலாளர் அங்கே இல்லை என்றால் கோயம்புத்தூர் பக்கம் போய்ச் சோதித்துவிட்டு அந்த ரிப்போர்ட்டைக் கொண்டுவருவதில் தவறில்லை.

வீட்டிலும் வகுப்பிலும்

பெற்றோருக்கான பயிற்சிதான் முதல் சிகிச்சை. ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மாத்திரைக்கு முன்பு இதைத்தான் செய்ய வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2019 வழிகாட்டுதலும் சொல்கிறது. பயிற்சியில் சொல்லித் தருவது பெரும்பாலும் இவைதான்:

1. ஒரு நேரத்தில் ஒரு கட்டளை. பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, ‘நோட்டை எடு.’ எடுத்த பிறகு அடுத்தது. சமையலறையிலிருந்து கத்துவது கட்டளைக் கணக்கில் வராது.

2. நேரத்தைக் கண்ணுக்குக் காட்டுவது. இந்தப் பிள்ளைகளுக்கு ‘இன்னும் அரை மணி நேரம்’ என்பது வெறும் சத்தம். சுவரில் பெரிய முள் கடிகாரம், அதில் முள் எங்கே வரும்போது எழ வேண்டும் என்று ஒரு ஸ்டிக்கர். காலை வேலைகளைப் படமாக வரைந்து கதவில் ஒட்டுவது.

3. பாராட்டு உடனே, சின்னதாக, எதற்கு என்று சொல்லி. ‘பரீட்சையில் நல்ல மார்க்கு வாங்கினால் சைக்கிள்’ என்பது மார்ச் மாதத்துக்கான வாக்குறுதி; பிள்ளை இருப்பது இன்று சாயங்காலத்தில்.

4. வீட்டுப்பாடத்தைத் துண்டு போடுவது. பத்து நிமிடம் படிப்பு, மூன்று நிமிடம் ஓட்டம். தண்ணீர்க் குடம் தூக்கி வரச் சொன்னாலும் சரி.

5. வேலை முடிந்தபின் நோட்டைப் பைக்குள் வைப்பதும் ஒரு தனி வேலை என்று எண்ணுவது. கஷ்டப்பட்டு எழுதிய வீட்டுப்பாடம் மேஜையிலேயே கிடந்து, பள்ளியில் திட்டு வாங்குவதுதான் இந்த வீடுகளில் அதிகம் நடப்பது.

வகுப்பில் செலவில்லாமல் செய்யக்கூடியவை உண்டு. டீச்சர் மேஜைக்கு அருகில், ஜன்னலும் வாசலும் இல்லாத பக்கம் இடம். போர்டில் வேலைகளை ஒன்று, இரண்டு என்று எழுதி வைப்பது. டஸ்டர் எடுத்துவர, நோட்டு விநியோகிக்க இவனை அனுப்புவது. நகர்வதற்கு அனுமதியும் கிடைக்கும், மரியாதையும் கிடைக்கும். பி.டி. பீரியடைத் தண்டனையாகப் பிடுங்காமல் இருப்பது. ஓடி விளையாடிவிட்டு வந்த பிறகுதான் இந்தப் பிள்ளைக்குக் கொஞ்ச நேரமாவது உட்கார முடிகிறது. அதைப் பிடுங்கினால் அடுத்த பீரியடு டீச்சருக்குத்தான் கஷ்டம்.

அடிப்பது பற்றி: 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் பள்ளியில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. சட்டத்தை விடுங்கள், அடி வேலைக்கும் ஆகாது. மடை திருப்புகிற ஆள் வராததற்கு வாய்க்காலை அடித்து என்ன பயன்?

மாத்திரை

இந்த இடத்தில்தான் வீடுகள் இரண்டாகப் பிரியும். ஆறு வயதுக்கு மேல், பயிற்சி செய்தும் பாதிப்பு கணிசமாகத் தொடர்ந்தால் மருந்தைப் பற்றி மருத்துவர் பேசுவார். அதிகம் பயன்படுவது மீத்தைல்ஃபெனிடேட். 1944-இல் உருவாக்கப்பட்ட பழைய மருந்து. சாதாரண வடிவம் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கி, நாலு மணி நேரத்தில் அடங்கிவிடும். இன்னொன்று அட்டோமாக்செடின், முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மருந்து ஏடிஎச்டியைப் போக்குவதில்லை. உள்ளே இருக்கும் நேரத்தில் மடையைத் திருப்ப ஓர் ஆளை நிறுத்துகிறது, அவ்வளவுதான்.

மீத்தைல்ஃபெனிடேட் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருவதால் எல்லா மெடிக்கலிலும் கிடைக்காது. சீட்டு இல்லாமல் தரமாட்டார்கள். ‘போதை மருந்தையா பிள்ளைக்குக் கொடுக்கிறீங்க’ என்று யாராவது பயமுறுத்துவது இதைக் கேள்விப்பட்டுத்தான். மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தால் பிள்ளை அடிமையாவதில்லை. ஆனால் பக்கவிளைவுகள் உண்மை. பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகும், சிலருக்கு வளர்த்தி கொஞ்சம் மட்டுப்படும். அதனால் ஒவ்வொரு முறையும் உயரம், எடை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். குடும்பத்தில் இதய நோயோ இளவயதுத் திடீர் மரணமோ இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மதியச் சாப்பாடு இறங்காது என்பதால் மாத்திரைக்கு முன்பே இட்லியோ முட்டையோ வயிறு நிறையக் கொடுத்துவிடுவது அனுபவப்பட்ட அம்மாக்களின் வழி.

மருந்தா பயிற்சியா என்ற சண்டைக்கு அமெரிக்காவில் 579 குழந்தைகளை வைத்து 14 மாதம் நடந்து, 1999-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு ஓரளவு பதில் சொன்னது. அடிப்படை அடையாளங்களைக் குறைப்பதில் கவனமாகக் கண்காணித்துக் கொடுத்த மருந்து, பயிற்சியை மட்டும் கொடுத்ததைவிட நன்றாக வேலை செய்தது. இரண்டும் சேர்ந்தபோது குறைந்த அளவு மருந்து போதுமானதாக இருந்தது. மூன்று வருஷம் கழித்துப் பார்த்தபோது குழுக்களுக்கு இடையிலான வித்தியாசம் மறைந்துவிட்டது. முதல் வருஷத்துப் பலனை வைத்து ஆயுளுக்கும் திட்டம் போட முடியாது என்பதும் அதே ஆய்விலிருந்து தெரிந்ததுதான்.

சான்றிதழும் டிசியும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 21 குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் ஏடிஎச்டி தனிப் பெயராக இல்லை. தேர்வில் கூடுதல் நேரம் கேட்டு அலையும் பெற்றோர் முட்டிக்கொள்வது இங்கேதான். ஆனால் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் பட்டியலில் உண்டு. கற்றல் குறைபாடு ஏடிஎச்டியோடு சேர்ந்து வருவதால், எட்டு வயதில் அல்லது மூன்றாம் வகுப்பில் அதையும் சோதித்துவிடுவது நல்லது. இருப்பது உறுதியானால் அந்த வழியில் சான்றிதழுக்கும் தேர்வுச் சலுகைக்கும் விண்ணப்பிக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அடையாள அட்டை நாடு முழுக்கச் செல்லும். மாநில அரசுகள் தனியாகத் தரும் உதவிகள் அப்படி எல்லை தாண்டாது.

பிள்ளையின் ஃபைலும் எல்லை தாண்டாது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிப் பக்கத்துப் பள்ளிக்கோ, அங்கிருந்து இங்கோ மாற்றும்போது டிசி மட்டும்தான் கைக்கு வரும். டீச்சர் நிரப்பிய படிவம், சிறப்பாசிரியரின் குறிப்புகள், எந்த இடத்தில் உட்காரவைத்தால் சரியாக இருந்தான் என்ற தகவல் எல்லாம் பழைய பள்ளி அலமாரியிலேயே நின்றுவிடும். புதிய பள்ளியில் ஜூன் மாதம் மறுபடியும் முதலிலிருந்து, ‘சிரத்தை இல்லை’யிலிருந்து தொடங்கும். அதனால் டிசி வாங்கப் போகும் அன்றே அவற்றின் நகலையும், வகுப்பு டீச்சரிடமிருந்து ஒரு பக்கக் கடிதத்தையும் கேட்டு வாங்கிவிட வேண்டும். கடிதம் மலையாளத்தில் இருந்தால், ஷ்ரத்த என்று வரும் இடத்திலெல்லாம் கவனம் என்று தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள்.